எழுதாமல் விட்ட தண்ணீர்

ஜோவிதாவின் கண் வீங்கியதற்கு நாங்கள் முதலில் கொசுவைத்தான் குற்றம் சொன்னோம். செம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் இருப்பவர்கள் எதற்கும் கொசுவைத்தான் சொல்வோம். இரண்டாம் நாள் மற்ற கண்ணும் வீங்கியது. அலர்ஜி என்று ஒரு சிரப் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் அவளுடைய செருப்பு காலில் ஏறவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரே வாரத்தில் கால் வளருமா என்று கணவரிடம் கேட்டேன். ஸ்டீபன் குனிந்து அவளுடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நாங்கள் இருவரும் அந்தக் குழி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மதியமே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே பத்து நாள் இருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறோம். குழந்தை பக்கத்து அறையில் விளையாடுகிறாள். நான் செய்த ஒரு தவற்றை, அதே வார்டில் இன்று உட்கார்ந்திருக்கும் வேறொரு தாய் செய்யாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. அதன் கண்கள் பெரிதாகிவிட்டால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு போய்விடும். ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து முகம், வயிறு, கால் என்று தோலுக்குக் கீழே தங்கும். அதாவது உடம்பு முழுக்கத் தண்ணீர், ஆனால் ரத்தம் வறண்டு கிடக்கும். அதனால் குழந்தைக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் கொடுத்தால் வீக்கம் ஏறும். சிறுநீரக மருத்துவர் இதை ஒரு தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள். படம் உடனே புரிந்தது. புரிந்ததால் பயம் குறையவில்லை.

"பொதுவா ஸ்டீராய்டுக்குக் கேட்கும்மா. ஆனா மருந்து வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் தண்ணியக் கட்டுப்படுத்தணும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி. பால், ரசம், மருந்து எல்லாம் சேர்த்துத்தான்" என்றார்.

வார்டில் ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு பாஸ். ஒருவர் வெளியே வந்தால்தான் மற்றவர் உள்ளே போக முடியும். ஸ்டீபன் நாவலூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்க்கிறவர். மாலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்பார். நான் கீழே இறங்கிப் பாஸைக் கொடுப்பேன். அவர் மேலே போவார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் குளித்துவிட்டு வருவேன். மறுபடியும் வாசலில் பாஸ் கை மாறும். பத்து நாளில் ஒருமுறைகூட நாங்கள் இருவரும் சேர்ந்து அவள் கட்டிலருகே நிற்கவில்லை. மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் எனக்கு ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல். கீழே சாலையில் பேருந்துகள் போவது தெரியும், சத்தம் கேட்காது. கிருமி ஒட்டிவிடும் என்று குழந்தையைத் தாழ்வாரத்தில் நடக்கவிடவும் கூடாது.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு கோப்பு தொங்கும். அதில் இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று, வரவு செலவுத் தாள் என்று சிஸ்டர்கள் சொல்வது. குழந்தை என்ன குடித்தாள், எவ்வளவு சிறுநீர் போனாள் என்று மில்லியில் எழுத வேண்டும். அதை எழுதும் வேலை தாய்க்கு. மற்றது நர்சிங் கேர் பிளான். குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று செவிலியர் போடும் திட்டம். ஐந்து கட்டங்கள்: பிரச்சினை என்ன, எதை அடைய வேண்டும், என்ன செய்யப் போகிறோம், ஏன், செய்ததில் என்ன ஆனது. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் அதைப் புதிதாக எழுத வேண்டும் என்பது விதி.

பகல் ஷிப்ட் சிஸ்டர் மகேஸ்வரி, பம்மல்காரர். முப்பது வயதிருக்கும். அவர் எழுதும்போது நான் எட்டிப் பார்ப்பேன். ஆசிரியர் புத்தி.

"இன்னா மிஸ், மார்க் போடப் போறீங்களா?" என்பார்.

முதல் நாள் திட்டத்தில் மூன்று பிரச்சினைகள் இருந்தன. உடலில் நீர் அதிகம். தொற்று வரக்கூடும். வீங்கிய தோல் புண்ணாகக்கூடும். இரண்டாம் நாளும் அதே மூன்று, அதே வார்த்தைகள். மூன்றாம் நாளும் அப்படித்தான். என் மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ரெக்கார்டு நோட்டு எழுதுவது நினைவுக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் ஸ்டீபன் ஒரு டப்பாவில் தர்பூசணி கொண்டுவந்தார். உப்பில்லாத சாப்பாட்டை அவள் துப்பிக்கொண்டிருந்தாள். பழம் என்றாலாவது சாப்பிடட்டுமே என்று நினைத்திருக்கிறார். டப்பா காலியானது. நான் தாளில் எதுவும் எழுதவில்லை. அது பழம்தானே? தர்பூசணி பெரும்பாலும் தண்ணீர் என்பது எனக்குத் தெரியாதா? வகுப்பில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டிலருகே அது பழமாக மட்டும்தான் தெரிந்தது.

அது தெரியாமல் செய்தது. அடுத்தது அப்படி இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் அன்றைய தண்ணீரில் பாதி போய்விட்டது. குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, ஒரே ஒரு வாய். குட்டி வாய்." கேட்கிற குரல் முதலில் அழுகையாக இருந்தது, பிறகு கெஞ்சலாக மாறியது, பிறகு சன்னமான ஒரு முனகல் மட்டும். வெந்நீரில் நனைத்த துணியால் அவள் உடம்பைத் துடைத்துவிட்டு, துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த ஈரத் துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்து துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

துணியைப் பிடுங்கினேன். என் பாட்டிலிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

தரை துடைக்கும் கஸ்தூரியம்மா திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குடு, குடு. நா இன்னா போலீசா?" என்றார். "புள்ள நாக்கு வறண்டு கீது, பேப்பர்ல இன்னாத்த எழுதி இன்னா ஆவப்போவுது?"

அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று ஐந்து முறை கொடுத்தேன். மறுநாள் ஆறு முறையோ ஏழு முறையோ. ஒன்றையும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதினால் திட்டுவார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. தாளில் கணக்குச் சரியாக இருந்தால் குழந்தை சரியாகிறாள் என்று பொருள். சரியானால் வீட்டுக்கு விடுவார்கள். ஐந்நூறு என்ற எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு நாளும் கோடு போட்டு முடிக்கும்போது வெளியே போகும் கதவு ஒரு அடி பக்கத்தில் வந்ததுபோல் இருக்கும். ஆய்வகத்தில் விடையை முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற அளவீட்டை எழுதும் பிள்ளைகளை இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். அவர்களுடைய தாளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவேன். பொய் அளவீடுதான் எப்போதும் அழகாக இருக்கும். என் தாளும் அழகாக இருந்தது.

ஏழாம் நாள் காலை எடை பார்த்தார்கள். குறைய வேண்டிய எடை இரண்டு நாளில் அரைக் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. வயிறு பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. படுத்தால் மூச்சு வேகமாக வந்தது.

மருத்துவர் பதினொரு மணிக்கு வந்தார். என் தாளை எடுத்து இரண்டு நிமிடம் பார்த்தார்.

"குடிக்கிறது சரியாத்தான் இருக்கு. அப்படியும் எடை ஏறுது. அப்போ கிட்னி வெளிய விடலைன்னு அர்த்தம்" என்று உடன் வந்த இளைய மருத்துவரிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஐ.சி.யூ.வுக்கு மாத்திடலாம்மா. புரதம் ஏத்தி, நீர் பிரியற மருந்தோட அளவக் கூட்டிப் பார்க்கணும். மூணு மணிக்கு ஷிஃப்ட் பண்ணுவாங்க."

"நான் கூட இருக்கலாமா டாக்டர்?"

"ஐ.சி.யூ.ல முடியாது. காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்."

அவர் போய்விட்டார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் நம்பிய எண்கள் என்னுடையவை. அந்த எண்களை வைத்து என் குழந்தைக்கு மருந்தைக் கூட்டப் போகிறார்கள், என்னிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள். சொன்னால் என்ன தாய் இவள் என்பார்கள். சொல்லாவிட்டால் மூன்று மணி. கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்து நின்றேன். திறக்க முடியாத ஜன்னல் என்று தெரிந்தும் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

மகேஸ்வரி சிஸ்டர் கோப்போடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவதற்கு முன் கேர் பிளானை முடித்துக் கொடுக்க வேண்டும். எழுத ஆரம்பித்தவர் பேனாவை நிறுத்தினார்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? 'செய்ததில் என்ன ஆனது'ன்னு இங்க எழுதணும். தண்ணி கம்மி பண்ணோம், வீக்கம் ஏறிச்சின்னு எழுதணும். எனக்கே அது ஒட்ட மாட்டேங்குது. பாப்பா வேற எதுனா சாப்ட்டாளா?"

"தர்பூசணி" என்றேன். "ஒரு டப்பா. அப்புறம் தண்ணீர். நான்தான் கொடுத்தேன். எழுதவில்லை."

"எவ்ளோ?"

எனக்குத் தெரியவில்லை. டம்ளரை எடுத்தேன். கொடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதைச் சிறுநீர் அளக்கும் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த மருந்து அளக்கும் கோப்பையில் ஊற்றிப் பார்த்தோம். அறுபது மில்லி. ஐந்து முறை. மறுநாள் ஆறு அல்லது ஏழு. கூட்டிச் சொன்னபோது கோப்பை சாய்ந்து, தண்ணீர் அவருடைய வெள்ளைச் சீருடையில் கொட்டியது.

"உக்காருங்கக்கா" என்றார். அதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டிருந்தார். எழுந்து போய் மருத்துவரைப் போனில் அழைத்தார். நான் கேட்கும் தூரத்திலேயே நின்று, மூடி மறைக்காமல் சொன்னார்.

மருத்துவர் பத்து நிமிடத்தில் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தத் தாளை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமாம்மா? ஏற்கெனவே ரத்தக் குழாய்க்குள்ள தண்ணி இல்ல. அதுலேருந்தும் இழுத்திருப்போம். பிரஷர் விழுந்திருக்கும். ரத்தம் உறைஞ்சிருக்கும்." கொஞ்ச நேரம் ஜோவிதாவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "எக்ஸ்ரே எடுங்க. மூச்சு மோசமானா உடனே ஐ.சி.யூ. இல்லைன்னா நாளைக்குக் காலை எடை வரைக்கும் இங்கயே பார்ப்போம். இனிமே எழுதுறது உண்மையா இருக்கணும்."

அவர் போன பிறகு மகேஸ்வரி கேர் பிளானின் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"உங்கள மட்டும் சொல்லக் கூடாதுக்கா. பாருங்க, ஆறு நாளா அதே மூணு வரி. முந்தின ஷிப்ட்ல எழுதினதப் பாத்து எழுதினு வந்திருக்கோம். நானுந்தான். ஒவ்வொரு ஷிப்ட்லயும் புள்ள தண்ணி தண்ணின்னு அழுதுகினு இருந்திருக்கா. தாகம்னு ஒரு பிரச்சினை இதுல எங்கியாச்சும் கீதா?"

இல்லை.

புதுத் தாள் எடுத்தார். முதல் கட்டத்தில் 'தாகம்' என்று எழுதினார். "சொல்லுங்க, இன்னா செய்யலாம்?" என்று என்னைக் கேட்டார். நாங்கள் சேர்ந்து எழுதினோம். அன்றைக்குரிய தண்ணீரை விழித்திருக்கும் மணி நேரங்களுக்குப் பங்கு போடுவது. பெரிய டம்ளரில் கொஞ்சம் ஊற்றாமல் சின்ன மருந்துக் கோப்பையில் முழுக்க ஊற்றுவது. ஏன்? நிரம்பிய கோப்பை குழந்தைக்கு நிறையத் தெரியும். ஐஸ் துண்டு கொடுப்பது, அதையும் கணக்கில் எழுதுவது. வாயைக் கொப்பளித்துத் துப்ப வைப்பது. மாத்திரைகளைச் சாப்பாட்டு நேரத்துப் பாலோடு கொடுப்பது, தனியாகத் தண்ணீர் செலவாகாமல். தாய் குழந்தையின் முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இதைச் சொன்னது நான்தான். ஆறு நாளாக அவள் பார்க்கப் பார்க்கப் பாட்டிலைத் தூக்கிக் குடித்திருக்கிறேன்.

அடுத்த வரியை அவர் தானாக எழுதினார். பிரச்சினை: தாய் கணக்கில் எழுதாமல் தண்ணீர் கொடுத்துள்ளார்.

"சிஸ்டர், அது வேண்டாமே" என்றேன்.

"எழுதலன்னா நைட் வர்றவங்களுக்கு எப்டித் தெரியும்? அவங்க உங்க தாளத்தான நம்புவாங்க?"

ஷிப்ட் மாறும்போது சிஸ்டர்கள் ஒவ்வொரு கட்டிலாக நின்று கேர் பிளானைச் சத்தமாகப் படித்து ஒப்படைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரண்டு மணிக்குப் படித்தார்கள். 'தாய் கணக்கில் எழுதாமல்' என்ற இடத்தில் புதிதாக வந்த சிஸ்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் தாயும் பார்த்தார். நான் எங்கே போவது? பாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு மறுபடி. காலை ஏழரைக்கு மறுபடி. ஒரு நாளைக்கு மூன்று முறை, என் பெண்ணின் கட்டிலருகே, என்னைப் பற்றி நான் கேட்க வேண்டியிருந்தது.

அன்று இரவு மட்டும் படிக்கும்போது உள்ளே இருந்தது ஸ்டீபன். வேலையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டதால் அப்போதுதான் பாஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து பாஸை என் கையில் வைத்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன்.

"சோபி, தர்பூசணிய நான்தானே வாங்கிட்டு வந்தேன்?" என்றார்.

"ஆமாங்க."

"அது அந்தத் தாள்ல இல்லையே. சிஸ்டர்கிட்ட அதையும் எழுதச் சொல்லிட்டு வந்திருக்கேன். நீ மட்டும் ஏன் தனியா மாட்டணும்?"

ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அங்கேயே அழுதேன். மறுநாள் காலை ஏழரைக்குச் சிஸ்டர் படித்தபோது, 'தந்தை தர்பூசணி கொண்டுவந்துள்ளார்' என்றும் இருந்தது. படித்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் காலை எடை ஏறவில்லை. குறையவும் இல்லை. அதற்கு முந்தைய இரவு மூச்சை எண்ணிக்கொண்டே விடிந்தது, எண்ணிக்கை கூடவில்லை. "இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். அதற்கடுத்த நாள் முந்நூறு கிராம் குறைந்தது. அந்த ஒன்பதாம் நாள்தான் மருந்து கேட்க ஆரம்பித்தது. அளக்கும் ஜாடி நிரம்பியது. சிறுநீர் ஜாடி நிரம்பியதற்கு ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்பிடிப்பதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்க முடியாது. நான் கஸ்தூரியம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

"தள்ளுமா, கைல பினாயில் கீது" என்றார். பிறகு, "அன்னிக்கு நா தெரியாம சொல்ட்டேன். மனசுல வெச்சிக்காத" என்றார்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில், காப்பீட்டுக் கையெழுத்து என்று கீழே நான்கு மணி நேரம் போனது. மேலே மகேஸ்வரி கேர் பிளானை முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிய வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"நல்லா அடித்துவிடுங்களேன் சிஸ்டர்" என்றேன்.

"அப்டி அடிக்கக் கூடாதுக்கா. ஒரு கோடுதான். கீழ இன்னா இருந்துச்சின்னு படிக்க முடியணும். அதான் ரூலு."

வீட்டில் தினமும் காலையில் செய்ய ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்கள். சோதனைக் குழாயில் குழந்தையின் முதல் சிறுநீரை எடுத்துச் சில துளி அமிலம் விட வேண்டும். தெளிவாக இருந்தால் புரதம் இல்லை. கலங்கி, ஆனால் அதன் வழியே பின்னால் உள்ள அச்செழுத்தைப் படிக்க முடிந்தால் புரதத்தின் அளவு ஒன்று. எழுத்தே தெரியாமல் வெள்ளையானால் மூன்று. மூன்று நாள் தொடர்ந்து மூன்று வந்தால் நோய் திரும்பிவிட்டது, உடனே வர வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும்.

நாற்பது நாளாக 'இல்லை' என்று எழுதினேன். அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது. மாத்திரையால் கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது.

நேற்றிலிருந்து லேசான சளி. இன்று காலை ஸ்டீபன் வேலைக்குப் போன பிறகு, சமையலறை ஜன்னலருகே குழாயைத் தூக்கிப் பிடித்தேன். துளி விழுந்த இடத்திலிருந்து மெல்லிய வெண்மை இறங்கியது. கலங்கல்தானா, வெளிச்சம் சரியில்லையா? குழாயைத் திருப்பினேன். பின்னால் தினசரி நாட்காட்டியின் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன, ஆனால் தெரிந்தன. சளி பிடித்தால் இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கட்டிலும் ஸ்டூலும் ஜன்னலும் அப்படியே வந்து என்னைச் சுற்றி நின்றன. வீட்டில் என்னைத் தவிர இதைப் பார்த்தவர் யாரும் இல்லை. நோட்டில் மேலே நாற்பது 'இல்லை'கள் ஒரே நேராக, அழகாக இருந்தன.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு தேதியைப் போட்டு, பக்கத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.